"கல்யாணமாகி எத்தனை வருஷம்?": மகளிர் காவல் நிலையச் சகோதரிகளுக்கு ஒரு திறந்த மடல்



மனுவோடு வரும் பெண்ணை எதிரே உட்காரவைத்ததும் நீங்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். "கல்யாணமாகி எத்தனை வருஷம் ஆச்சு?" அடுத்து, "எத்தனை பிள்ளைங்க?" அதற்கடுத்து, "வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார்?" இதில் என்ன தவறு என்று நீங்கள் கேட்கலாம். திருமணமாகி ஏழு ஆண்டுகளுக்குள் ஒரு பெண் இறந்துபோனால் கோட்டாட்சியர் விசாரணை, வரதட்சணை மரணப் பிரிவு என்று சட்டம் வேறு வழியில் போகும். அதனால் அந்த முதல் கேள்வி காவல்துறைக்குப் பழகிவிட்டது. ஆனால் அது செத்துப்போன பெண்ணுக்கான கணக்கு. உயிரோடு வந்து உட்கார்ந்திருப்பவளுக்கு அந்த ஏழு ஆண்டு எல்லையை எந்தச் சட்டமும் போடவில்லை. இருபத்தைந்து வருடம் அடிவாங்கிய பெண்ணிடம், "இத்தனை வருஷம் பொறுத்துட்டு இப்ப என்னம்மா?" என்று கேட்கும்போது, அவள் இதுவரை பொறுத்ததையே அவளுக்கு எதிரான சாட்சியாக மாற்றிவிடுகிறோம். முதலில் கேட்க வேண்டியது வேறொன்று: "இன்னிக்கு ராத்திரி அந்த வீட்டுக்குப் போக உனக்குப் பயமா இருக்கா?"

நான் நடுவர் நீதிமன்றங்களில் குடும்ப வன்முறை வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். உங்கள் மேசைக்கு முன்னால் நின்று சண்டை போட்டிருக்கிறேன். நீங்கள் நள்ளிரவில் போய் மீட்டுக்கொண்டுவந்த பெண்களோடு மறுநாள் காலை நீதிமன்றப் படியேறியும் இருக்கிறேன். அந்த இரண்டு அனுபவமும் சேர்ந்துதான் இதை எழுதவைக்கிறது. நான் சொல்ல வருவது இதுதான்: வன்முறை நடந்ததா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே வந்திருப்பவள் யார் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். மனைவி, மருமகள், பிள்ளைகளுக்குத் தாய். அந்தப் படத்துக்குள் பொருந்துகிறவளுக்குச் சட்டம் பாதி தூரம் வருகிறது. பொருந்தாதவர்களுக்கு வருவதே இல்லை. பொருந்துகிறவளுக்கும் அது முழுத் தூரம் வராமல் நிற்பதற்குக் காரணம் அதே படம்தான்.

நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் 1973இல் கோழிக்கோட்டில் திறக்கப்பட்டது. தமிழ்நாடு காவல்துறையில் பெண்கள் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் நம் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. இன்று அவை இருநூறுக்கும் மேல். ஆண்கள் நிறைந்த ஸ்டேஷன் வாசலை மிதிக்கப் பயந்து திரும்பிப்போன பெண்களுக்கு ஒரு வாசல் கிடைத்தது சாதாரண விஷயம் அல்ல. அந்த வாசலைத் திறந்துவைத்திருப்பவர்கள் நீங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். நாடு முழுவதற்குமான சராசரி 29. நாடளவில் அடிபட்ட பெண்களில் நூற்றுக்கு 77 பேர் யாரிடமும் வாயைத் திறக்கவோ உதவி தேடவோ இல்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. உங்கள் முன்னால் வந்து நிற்பவள், அந்த 77 பேரின் மௌனத்தைத் தாண்டி வந்தவள்.

அப்படி வந்தவளின் கையில் பெரும்பாலும் என்ன கொடுத்தனுப்புகிறோம்? ஒரு சி.எஸ்.ஆர். ரசீது. சமூக சேவைப் பதிவேட்டின் எண் போட்ட அந்தச் சின்னத் தாளை நாலாக மடித்துப் பர்சுக்குள் வைத்துக்கொண்டு, "கேஸ் போட்டாச்சு மேடம்" என்று என்னிடம் வரும் பெண்கள் ஏராளம். அது எஃப்.ஐ.ஆர். இல்லை என்று நான் சொல்லும்போது அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க முடியாது. பிறகு ஒரு நாள் இரு தரப்பையும் வரச்சொல்கிறீர்கள். அவன் வீட்டில் நாலு பேர், அவள் வீட்டில் இரண்டு பேர், ஊர்ப் பெரியவர் ஒருவர், சில சமயம் வட்டம், மாவட்டம் என்று கட்சிக்காரர். வன்முறை செய்தவனும் அதை அனுபவித்தவளும் ஒரே பெஞ்சில். "அவர் அடிச்சாராம்மா? எப்படி அடிச்சார்?" என்று அவனை வைத்துக்கொண்டே கேட்கிறீர்கள். அவள் தரையைப் பார்க்கிறாள். "பெருசா ஒண்ணுமில்ல மேடம்" என்கிறாள். மனு முடிகிறது.

அப்படி முடிந்த ஒரு மனுவின் நகலை நான் வைத்திருக்கிறேன். எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம். ரைட்டரின் சீரான கையெழுத்தில், அரைப்பக்கம். மனைவி எழுதிக்கொடுத்தது: நேரத்துக்குச் சமைப்பேன், போனில் அதிகம் பேச மாட்டேன், கணவரின் தாயாரிடம் மரியாதையாக நடந்துகொள்வேன், சொல்லாமல் அம்மா வீட்டுக்குப் போக மாட்டேன். கணவன் எழுதிக்கொடுத்தது: இனிமேல் அடிக்க மாட்டேன். இருவரும் சேர்ந்து வாழச் சம்மதித்ததாகக் கடைசி வரி, கீழே இரண்டு கையெழுத்து. அடித்தது ஒரு குற்றம். போனில் பேசியது எந்தச் சட்டப்படி குற்றம்? அந்த உறுதிமொழியை வாங்கிய அதிகாரி கெட்டவர் இல்லை. குடும்பம் உடைந்துவிடக் கூடாது என்று உண்மையாகவே நினைத்தவர். ஆனால் பிறகு ஜீவனாம்ச வழக்கில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதே தாளை நீட்டினார். இவர் வீட்டுக் கடமைகளில் தவறியவர், காவல் நிலையத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றார். உதவி கேட்டுப் போன இடத்தில் எழுதிக்கொடுத்த தாளுக்கு அந்தப் பெண் கூண்டில் நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

குடும்பத் தகராறுகளில் எஃப்.ஐ.ஆர். போடும் முன் முதற்கட்ட விசாரணை செய்யலாம் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு இடம் கொடுத்தது உண்மை. அதுவும், புகாரில் வழக்குப் பதிய வேண்டிய குற்றம் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு மட்டும். தம்பதியைச் சேர்த்துவைக்கும் பொறுப்பை அந்தத் தீர்ப்பு உங்களுக்குத் தரவில்லை. சட்டம் உங்களுக்குத் தரும் பொறுப்பு வேறு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, அந்தப் பெண்ணுக்கு என்னென்ன உரிமைகள் உண்டு என்று எடுத்துச்சொல்லும் கடமையைக் காவல் அதிகாரியின் மேல் வைக்கிறது: பாதுகாப்பு ஆணை கேட்கலாம், வீட்டிலிருந்து வெளியேற்றாதபடி வசிப்பிட ஆணை கேட்கலாம், பணம் கேட்கலாம், பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், இலவச வழக்கறிஞர் கிடைப்பார், இதோடு கிரிமினல் புகாரும் கொடுக்கலாம். இதைச் சொல்ல பத்து நிமிடம் போதும். நான் வழக்கு நடத்திய பெண்களில், காவல் நிலையத்தில் யாராவது இதைச் சொன்னார்கள் என்று சொன்னவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

இனி, காயத்தைப் பற்றி. நம் எல்லோருக்கும் ஒரு கற்பனை உண்டு. அடிபட்ட பெண் என்றால் கண்ணைச் சுற்றிக் கறுத்திருக்கும், உதடு கிழிந்திருக்கும், அழுதுகொண்டே இருப்பாள். ஆகவே, "ஜி.எச். போய் ஏ.ஆர். காப்பி வாங்கிட்டு வாம்மா" என்கிறோம். அங்கே மாமியார் பக்கத்திலேயே நிற்க, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்" என்று அவள் சொல்ல, விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏறிவிடுகிறது. இதைவிட ஆபத்தான ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். கழுத்தை நெரித்தால் பல சமயம் வெளியே தடமே இருக்காது. குரல் கம்மியிருக்கும், எச்சில் விழுங்க வலிக்கும், கண்ணின் வெள்ளையில் சிவப்புப் புள்ளிகள் இருக்கலாம், அந்த நேரத்தில் தன்னை அறியாமல் சிறுநீர் போயிருக்கலாம். அதைச் சொல்ல வெட்கப்படுவாள். கேட்டால்தான் வரும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகச் செவிலியர் பேராசிரியர் ஜாக்குலின் கேம்ப்பெல் 1985இல் உருவாக்கிய அபாய மதிப்பீட்டுக் கேள்விகளில், இதற்கு முன் கழுத்தை நெரித்ததுண்டா என்பது முக்கியமான ஒன்று. ஒருமுறை நெரித்தவன் பின்னாளில் கொலைவரை போகும் ஆபத்து மிக அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அவள் பிரிந்துபோக முடிவெடுத்த நாட்கள்தான் அவளுக்கு மிக ஆபத்தான நாட்கள் என்பதும் அப்படித்தான்.

இப்போது அவனைப் பாருங்கள். அவன் முன்னங்கையில் நகக் கீறல்கள், மணிக்கட்டில் கடித்த பல்தடம். சட்டைக் கையை மடித்துவிட்டு உங்களிடம் காட்டுகிறான். "பாருங்க மேடம், இவதான் என்னை அடிச்சா." கழுத்தை நெரிக்கும் கையைப் பிய்த்தெறிய முயலும் பெண் வேறெங்கே கீறுவாள், எங்கே கடிப்பாள்? அவள் உடம்பில் தடம் இல்லை, அவன் உடம்பில் இருக்கிறது. அதோடு அவன் அமைதியாக, கோர்வையாகப் பேசுகிறான். அவளோ கத்துகிறாள், முன்னுக்குப்பின் முரணாகச் சொல்கிறாள், அழவும் மாட்டேன் என்கிறாள். "ரெண்டு பேருமே அடிச்சுக்கிட்டாங்க" என்று எதிர் மனு ஏறிவிடுகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் 1980களில் குடும்ப வன்முறைக்குக் கட்டாயக் கைது என்று சட்டம் கொண்டுவந்தபோது இதேதான் நடந்தது. பெண்களும் சேர்த்துக் கைதானார்கள். பிறகுதான் யார் முதன்மைத் தாக்குநர் என்று பார்க்கச் சொல்லும் விதிகளைச் சேர்த்தார்கள். யார் முதலில் கையை ஓங்கியது என்ற கேள்வி போதாது. யாருக்கு யாரைக் கண்டால் பயம், சம்பளக் கார்டு யார் கையில், போன் யார் கையில், வாசல் சாவி யார் கையில் என்று கேட்டால் பத்தில் எட்டுத் தகராறுகளில் விடை தானாக வந்துவிடும் என்பது என் அனுபவம்.

சட்டத்துக்கும் இந்தப் படத்தில் பங்கு உண்டு. 1983இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 498அ பிரிவு, இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகளாக இருக்கிறது. அது கணவனும் அவன் உறவினரும் மனைவிக்கு இழைக்கும் கொடுமையைப் பற்றியது. தற்கொலைக்குத் தள்ளும் அல்லது உடலுக்கும் மனதுக்கும் கடும் கேடு விளைவிக்கும் நடத்தை ஒரு வகை, வரதட்சணை கேட்டுத் துன்புறுத்துவது இன்னொரு வகை. நடைமுறையில் இரண்டாவது வகை முதல் வகையை விழுங்கிவிட்டது. "வரதட்சணை கேட்டானா?" என்று நீங்கள் கேட்பீர்கள் என்பது நீதிமன்ற வாசலில் மனு எழுதுபவருக்குத் தெரியும். "அதைப் போட்டாத்தாம்மா எடுப்பாங்க" என்று அவர் சொல்கிறார். நடந்த அடி, உதை, வசவு, சந்தேகம், இரவில் நடந்த பலாத்காரம் எல்லாவற்றையும் ஓரம் தள்ளிவிட்டு, அவளிடம் யாரும் கேட்டிராத ஐம்பது பவுன் கதை ஒன்று மனுவில் ஏறுகிறது. குறுக்கு விசாரணையில் ஐம்பது பவுன் உடைகிறது. அதோடு சேர்ந்து உண்மையாக வாங்கிய அடியும் உடைகிறது. பொய் வழக்கு என்று பெயர் வருகிறது. அந்தப் பொய்யை அவள் வாயில் வைத்தது நம்முடைய எதிர்பார்ப்பு.

பொய் வழக்குப் போடும் மனைவி என்ற உருவமும் அப்படித்தான் பெரிதாகிக்கொண்டே வந்தது. கைது அதிகாரம் தவறாகப் பயன்படுகிறது என்ற கவலை நியாயமானது. 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்மூடித்தனமான கைது கூடாது, முதலில் நோட்டீஸ் கொடு என்றதை நான் வரவேற்கிறேன். கல்யாணமாகிப் போன நாத்தனாரையும் படுக்கையில் கிடக்கும் மாமனாரையும் இழுத்துவரக் கூடாது. ஆனால் மனைவிமார் இந்தப் பிரிவை ஆயுதமாக்கிவிட்டார்கள் என்ற அந்தத் தீர்ப்பின் பேச்சு, அதன் பிறகு ஒவ்வொரு நிலையத்திலும் ஒவ்வொரு பெண்ணின் முகத்திலும் பார்க்கப்பட்டது. 2017இல் புகார்களைக் குடும்ப நலக் குழுக்கள் பார்க்க வேண்டும் என்று ஒரு தீர்ப்பு வந்தது. 2018இல் அந்தக் குழுக்களை அதே நீதிமன்றம் நீக்கியது. 2025 ஜூலையில், கைதுக்கு முன் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் வகுத்த இரண்டு மாத அவகாசத்தையும் குழுவையும் உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. எட்டு ஆண்டுகளில் மூன்று நிலைப்பாடு. அந்த இரண்டு மாதத்தில் அவள் எங்கே தூங்குவாள் என்பதை மட்டும் யாரும் போதுமான அளவு யோசிக்கவில்லை.

புகார் கொடுத்தவள் பின்வாங்குவதைப் பொய்யின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம். சாட்சி சொல்ல வராததற்குச் சாதாரணக் காரணங்கள் உண்டு. பிள்ளைக்கு அடுத்த மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு. தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். அவன் ஜெயிலுக்குப் போனால் வீட்டு வாடகை யார் கொடுப்பது? உங்களுக்குத் தெரியாதது இல்லை.

2005ஆம் ஆண்டுச் சட்டம் பழைய படத்தை ஓரளவு கிழித்தது. அடிப்பது மட்டும் வன்முறை இல்லை; பாலியல், வசை, மன உளைச்சல், பணத்தை முடக்குவது எல்லாம் வன்முறை என்றது. மனைவி மட்டும் இல்லை. தாய், மகள், சகோதரி, திருமணம் போன்ற உறவில் வாழும் பெண் என்று குடும்ப உறவில் ஒரே கூரையின் கீழ் வாழும் பெண்களையும் சேர்த்தது. மனைவியின் சம்மதமில்லாத உறவை இன்றும் குற்றவியல் சட்டம் வன்புணர்வாகக் கருதுவதில்லை. நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவிலும் அந்த விலக்கை அப்படியே வைத்துவிட்டார்கள். ஆனால் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி அது பாலியல் வன்முறை, அதற்குப் பாதுகாப்பு ஆணை உண்டு. எத்தனை மனுக்களில் அந்த ஒரு வரி இடம்பெறுகிறது? "புருஷன் பொண்டாட்டிக்குள்ள அதெல்லாம் எழுதாதம்மா" என்று எழுதவிடாமல் தடுப்பவர் பெண் அதிகாரியாகவே இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சட்டத்துக்குள்ளும் பழைய எண்ணம் ஒளிந்திருந்தது. யார்மேல் புகார் கொடுக்கலாம் என்ற இடத்தில் வயதுவந்த ஆண் என்று எழுதிவைத்திருந்தார்கள். வீட்டுக்குள் வன்முறை என்றால் ஆண் மட்டும்தான் செய்வான் என்ற அனுமானம். 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்தச் சொற்களை நீக்கியது. அது ஒரு தாயும் மகளும் சேர்ந்து, மகன்மேலும் மருமகள்மேலும் மற்ற இரண்டு மகள்கள்மேலும் கொண்டுவந்த புகார். இன்னொரு பக்கம், 2010இல் கோயம்புத்தூரிலிருந்து போன ஒரு வழக்கில் அதே நீதிமன்றம் திருமணம் போன்ற உறவு எது என்று வரையறுக்கும்போது, பணம் கொடுத்து வைத்துக்கொண்ட பெண் என்று ஒரு வகையைச் சொல்லி அவளைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது. அங்கே பயன்படுத்திய ஆங்கிலச் சொல்லைக் கேட்டு மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் நீதிமன்றத்திலேயே ஆட்சேபித்தார். இன்றும் நிலையங்களில், "தாலி கட்டினானா? ரிஜிஸ்டர் ஆச்சா?" என்று கேட்டுவிட்டு, இல்லை என்றதும் பேனாவை மூடிவிடுகிறார்கள். தாலி இல்லாத கழுத்தை நெரித்தால் வலிக்காதா?

படத்துக்கு முற்றிலும் வெளியே நிற்பவர்களிடம் வருகிறேன். இவர்களைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த கவலை.

கணவன் வீட்டில் நடப்பது வன்முறை, பிறந்த வீட்டில் நடப்பது கண்டிப்பு என்று ஒரு பிரிவினை நம் மனதில் ஊறிப்போயிருக்கிறது. அண்ணன் அடித்தால், அப்பா பூட்டிவைத்தால், அம்மா சூடுவைத்தால் நாம் அதை வன்முறை என்று எழுதுவதில்லை. காதலித்த பெண் ஸ்டேஷனுக்கு ஓடிவந்து, "என்னை வீட்டுக்கு அனுப்பாதீங்க, கொன்னுடுவாங்க" என்று சொன்ன பிறகும், பெற்றவர்களிடம் ஒப்படைப்பதைத் தர்மமாக நினைத்த அதிகாரிகள் உண்டு. அவள் மேஜர் என்றால் ஒப்படைக்க நமக்கு உரிமையே இல்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் விசாரித்த ஓர் ஆட்கொணர்வு மனுவைப் படியுங்கள். வேலூர் மாவட்டத்து வழக்கு. 25 வயதுப் பெண், தன் தோழியோடு வாழ விரும்பியவர். அவரைப் போலீஸ் பெற்றோருடன் போகும்படி கட்டாயப்படுத்தியிருக்கிறது. வீட்டில் அவரை அடித்திருக்கிறார்கள், அவரை மாற்றுவதற்கென்று சடங்குகள் செய்திருக்கிறார்கள். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு அவரைத் தோழியோடு போக விட்டது, காவல்துறையின் போக்கைக் கண்டித்தது, ஒருவர் தானே தேர்ந்துகொள்ளும் உறவும் குடும்பம்தான் என்றது. அதற்கு நான்கு ஆண்டு முன்பே, மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், பெற்றோர் கொடுக்கும் காணவில்லை புகாரில் வயதுவந்தவர்களின் வாக்குமூலத்தைப் பெற்றதும் துன்புறுத்தாமல் வழக்கை முடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தார். 2022இல் காவலர் நடத்தை விதிகளிலேயே, இப்படிப்பட்ட பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று 24-சி விதி சேர்ந்தது. விதி இருக்கிறது. 2025இல் அந்தப் பெண் அடிவாங்கியதும் இருக்கிறது.

திருநங்கைகள் உங்கள் வாசலுக்கு வந்தால், "இது லா அண்ட் ஆர்டர் ஸ்டேஷன் மேட்டர்" என்று அனுப்புகிறீர்கள். அங்கே போனால், "மகளிர் ஸ்டேஷனுக்குப் போ" என்கிறார்கள். தூத்துக்குடியில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவுசெய்ய மறுத்த வழக்கில், மணமகள் என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடங்குவார் என்று 2019இல் மதுரைக் கிளை சொல்லிவிட்டது. திருநங்கை மனைவி கொடுமைப் புகார் கொடுக்கலாம் என்று 2025 ஜூனில் ஆந்திர உயர் நீதிமன்றமும் சொன்னது. அவர்களுக்கென்று வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமோ, உடல்ரீதி, பாலியல்ரீதி, மனரீதி என எந்த வன்முறைக்கும் அதிகபட்சம் இரண்டு ஆண்டு தண்டனை வைத்திருக்கிறது. ஒரு பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தபட்சமே பத்து ஆண்டு. ஒரே குற்றம், உடம்பைப் பார்த்து இத்தனை வித்தியாசம். இந்த அநீதியை உங்களால் மாற்ற முடியாது. மனுவை வாங்க முடியும்.

மகனிடம் அடிவாங்கும் வயதான தாய்க்கு, "ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சீனியர் சிட்டிசன் மனு போடுங்கம்மா" என்று வழிகாட்டுவதோடு முடித்துக்கொள்கிறோம். அவரும் பெண்தான், ரத்த உறவில் ஒரே வீட்டில் வாழ்பவர்தான், 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பும் அவருக்கு உண்டு. அம்மா என்றால் அடிபடுபவராக நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, மருமகளைக் கொடுமைப்படுத்துபவராகவே தெரிகிறார். இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். மருமகளைத் துரத்துவதற்கு மாமனார் மாமியார் பெயரில் மூத்த குடிமக்கள் மனுவைப் போடும் வழக்கம் பரவியிருக்கிறது. 2020 டிசம்பரில், பெங்களூரு வழக்கு ஒன்றில், அந்தச் சட்டத்தைக் காட்டி மருமகளின் வசிப்பிட உரிமையை அப்படியே பறித்துவிட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

ஆண்களும் அடிவாங்குகிறார்கள். மனைவியிடம், மைத்துனர்களிடம், பெரும்பாலும் சொந்த மகனிடம். அவர்களுக்கு 2005ஆம் ஆண்டுச் சட்டம் கிடையாது. காயம் ஏற்படுத்தியதற்கான சாதாரணப் பிரிவுகள்தான். அதற்குக்கூடப் போக முடியாமல் தடுப்பது, "ஆம்பளையா நீ?" என்று ரைட்டர் மேசையிலிருந்து வரும் சிரிப்பு. அந்தச் சிரிப்பும், "பொம்பளைன்னா பொறுத்துப் போகணும்" என்ற அறிவுரையும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. அதற்காகச் சட்டத்தை ஆண் பெண் பேதம் இல்லாததாக மாற்றிவிட வேண்டும் என்று கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வீடு, சொத்து, சம்பளம், ஊர்ப் பேச்சு எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் இடத்தில் அப்படியொரு சட்டம் முதல் வேலையாக எதிர் மனுக்களுக்குத்தான் உதவும். இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கச் சட்டம் ஆண் பெண் பேதம் பார்க்காதது. அங்கும் போலீஸ் மேசையில் சமாதானம் பேசி வீட்டுக்கு அனுப்பும் பழக்கம் மாறவில்லை. பெண்களுக்கான சட்டம் பெண்களுக்காகவே இருக்கட்டும். அடிவாங்கிய ஆணின் புகாரைச் சிரிக்காமல் பதிந்துகொள்ள எந்தப் புதுச் சட்டமும் தேவையில்லை.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியும். பந்தோபஸ்து, போக்சோ வழக்குகள், கோர்ட் டியூட்டி, திருவிழா, விஐபி வருகை என்று ஆளே இல்லாத நிலையத்தில் ஒரு நாளைக்கு இத்தனை மனுக்கள். சேர்த்துவைத்து அனுப்பினால் மனு முடிந்ததாகக் கணக்கில் வரும், எஃப்.ஐ.ஆர். போட்டால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கை மாற்ற வேண்டியது மேலே உள்ளவர்கள். நான் உங்களிடம் கேட்பது உங்கள் கையில் இருப்பவற்றை மட்டும். இருவரையும் தனித்தனி அறையில் விசாரியுங்கள். அறை இல்லையென்றால் தனித்தனி நாளில். கழுத்தைப் பற்றிக் கேளுங்கள். வரதட்சணை இல்லையென்றால் இல்லை என்றே எழுதவிடுங்கள். அவளிடமிருந்து எந்த உறுதிமொழியும் எழுதி வாங்காதீர்கள். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலருக்கு உங்கள் நிலையத்திலிருந்தே போன் போடுங்கள். குடும்ப நிகழ்வு அறிக்கையை அவர் தயாரிப்பார்; நீதிமன்றத்தில் எங்களுக்கு அதுதான் அடிப்படை ஆவணம். மனுவை நீங்கள் முடித்துவிட்டாலும், அவள் மீண்டும் வந்தால் பழைய எண்ணைத் தேடி எடுத்துப் புது மனுவோடு சேர்த்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று, உங்களில் சிலருக்கு மட்டும். சீருடைக்குள் இருக்கும் பெண்ணும் வீட்டில் அடிவாங்குகிறாள் என்று எனக்குத் தெரியும். என் அலுவலகத்துக்கு மஃப்டியில் வந்த காவலர்கள் இருக்கிறார்கள். கணவரும் அதே துறையில் இருக்கிறார், ஸ்டேஷனில் தெரிந்தால் மானம் போய்விடும், மெமோ வந்துவிடும் என்று பயந்தவர்கள். "ஊருக்கே நியாயம் சொல்றேன், எனக்கு எங்க மேடம் போறது?" என்று ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆணை கேட்க எந்தக் காவல் நிலையத்துக்கும் போக வேண்டியதில்லை. 12ஆம் பிரிவின்படி நேரடியாக நடுவர் நீதிமன்றத்தில் மனு போடலாம். நீங்கள் பணிபுரியும் ஊரிலேயே போட வேண்டும் என்றும் இல்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலும் போடலாம், வேறு மாவட்டத்தில் அம்மா வீட்டில் தங்கியிருந்தால் அங்கேயும். சம்பளம் எவ்வளவு வாங்கினாலும் பெண் என்பதால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞர் கேட்கலாம், எண் 15100. பெண்கள் உதவி எண் 181 உங்களுக்கும்தான். முதல் மனுவில் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். துறையின் பெயர் கெட்டுவிடும் என்று எதையும் விடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் மேசைக்கு எதிரே அடிக்கடி வந்து நிற்கும் ஒரு வழக்கறிஞர்